நாவற்பழ நிறத்துச் சுவர்

தங்கபுஷ்பத்தின் வீட்டு மேற்குச் சுவர் முதன்முதலாக நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று சிப்பிவிளையில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் இல்லை, புதன்கிழமைதான் என்பார்கள், அன்றைக்குத்தான் தண்ணீர் லாரி வரவில்லை என்று அடையாளமும் சொல்வார்கள். கிழமையில்தான் தகராறு. சுவர் நகர்ந்ததைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் கிடையாது.

சிப்பிவிளை தூத்துக்குடிக்குத் தெற்கே, மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் தார்ச்சாலையுமாகக் கிடக்கிற ஊர். தங்கபுஷ்பம் அந்த உப்பளத்தில் இறங்கி இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. விடியுமுன் போய் வெயில் உச்சிக்கு ஏறும்வரை உப்பு வாருவாள். காலுக்குக் கீழே வெள்ளை, வரப்பில் குவித்திருக்கும் அம்பாரம் வெள்ளை, பாத்தித் தண்ணீரில் விழுந்து கிடக்கும் வானம் வெள்ளை, நிமிர்ந்து பார்த்தால் அந்த மேல் வானமும் வெள்ளை. வேலைக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி வழுக்கி இறங்கியதால் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை இடுக்கி இடுக்கியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள். நாற்பத்தைந்து வயது தாண்டியபோது அவளுக்கு ஒரு தொந்தரவு வந்தது. கண்ணை மூடினால் இருட்டவில்லை. இமைக்குள்ளேயும் உப்பு காய்ந்துகொண்டிருந்தது. படுத்தால் வெள்ளை, தூங்கினால் வெள்ளை, கனவில் செத்துப்போன அம்மா வந்தால் அவளும் வெளுத்த துணி மாதிரி முகமில்லாமல் வந்தாள். சொட்டு மருந்து எழுதிக்கொடுத்த டாக்டர், "வெயில்ல போகாதீங்கம்மா" என்றார். தங்கபுஷ்பம் சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் விடியுமுன் வேலைக்குப் போனாள்.

அந்த வருஷம்தான் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அவளும் அவள் புருஷன் சுயம்புவும் அதே இடத்தில் ஒரு காங்கிரீட் வீடு கட்டி முடித்திருந்தார்கள். கிழக்குப் பார்த்த வாசல், உள்ளே பத்துக்குப் பதினெட்டில் பட்டாசாலை என்கிற ஒரே கூடம், பக்கத்தில் அடுக்களை, அவ்வளவுதான். பெயின்ட் அடிக்க சவரிமுத்து வந்தான். சுற்று வட்டாரத்தில் இருக்கிற அத்தனை ரோஸ் வீடும் அத்தனை இளம்பச்சை வீடும் அவன் கைவேலைதான். கலர் கார்டை விரித்து வைத்துக்கொண்டு, "சந்தனக் கலர் அடிச்சிருவோமா அக்கா? இல்ல, வெண்ணெய்க் கலர்?" என்று கேட்டான்.

"இருட்டு இருக்கா?" என்றாள் தங்கபுஷ்பம்.

சவரிமுத்து கார்டைப் புரட்டினான். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

"வீட்டுக்குள்ள நொழைஞ்சா கண்ணுல இருக்க வெளிச்சம் அவியணும் தம்பி. நாவப்பழத்த நசுக்குனா ஒரு கலர் வரும்லா, கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது. அது வேணும்."

சுயம்பு லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். "ஏளா, புது வீட்டுல போயி கறுப்பு அடிச்சா ஊரு என்ன சொல்லும்? காத்து கருப்பு அண்டும்பாங்க."

"சொடலமாடன் கறுப்பாத்தான நிக்காரு. அவர அண்டித்தான நாம இருக்கோம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தன்னிடம் ஒரு பொருளும் இது வேண்டும் என்று கேட்டதில்லை என்பது சுயம்புவுக்கு நினைவு வந்தது. சவரிமுத்து வெறும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவனாகச் சொன்னான்: "வெள்ளை அடிச்சாத்தான் வீடு பெருசாத் தெரியும்பாங்க. அது பாதிதான் நெசம் அக்கா. கடைசிச் சுவர்ல அழுத்தமான கலரு, பளபளப்பு இல்லாம அடிச்சா, சுவரு எங்க முடியுதுன்னு கண்ணுக்குப் பிடிபடாது. பின்னால தள்ளிப் போன மாதிரி இருக்கும். பெறகு எங்கிட்டச் சண்டைக்கு வரக்கூடாது."

"தள்ளிப் போகட்டும்" என்றாள் அவள்.

நீலத்தில் கறுப்பு ஸ்டெயினர் சாயத்தை ஊற்றி, அதில் ஒரு துளி சிவப்பு விட்டு, குச்சியால் கலக்கி, நகத்தில் தொட்டுப் பார்த்து, மறுபடி ஊற்றி, ஒரு முழுக் காலைப் பொழுதையும் அந்த நிறத்துக்காகவே அவன் செலவழித்தான். மேற்குச் சுவருக்கு மூன்று பூச்சு, பக்கச் சுவர்களுக்கும் கூரைக்கும் இரண்டு. எல்லாம் காய்ந்த பிறகு ஒரே ஒரு மஞ்சள் பல்பை மாட்டினான். தங்கபுஷ்பம் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து மேற்குச் சுவரோரம் வைத்தாள். முந்தைய வீட்டில் மங்கிக் கிடந்த குடம் அந்தச் சுவருக்கு முன்னால் இப்போதுதான் வார்த்தெடுத்த மாதிரி மினுங்கியது. அவள் வாசல் பக்கம் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணை மூடினாள். இருட்டாக இருந்தது. பாத்தி இல்லை, அம்பாரம் இல்லை. அவள் அப்படியே உட்கார்ந்த நிலையில் மூன்று மணிநேரம் தூங்கினாள். சுயம்பு சோறு வடித்துவிட்டு எழுப்பாமல் காத்திருந்தான்.

அதற்கடுத்த வாரத்தில்தான், செவ்வாயோ புதனோ, சுவரோரம் வைத்த குடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம் வந்துவிட்டதை அவள் பார்த்தாள். குடத்தை நகர்த்திச் சுவரோரம் வைத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு பாய் இடம். தரையும் சுவரோடு சேர்ந்து நீண்டிருந்தது, அதே சிமென்ட், அதே வழவழப்பு. பக்கச் சுவர்களும் நீண்டிருந்தன, யாரும் தூரிகை வைக்காத அந்தப் புதுப் பகுதியிலும் நாவற்பழ நிறம் ஒரே சீராக ஓடியிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் வீடு பழைய அளவில்தான் நின்றது. சுயம்பு பின்பக்கம் போய், சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, அது இருந்த இடத்திலேயே இருப்பதை உறுதி செய்துகொண்டு, உள்ளே வந்து காலடியை எண்ணி நடந்து பார்த்தான். ஏழு காலடி கூடுதலாக இருந்தது.

"பெயின்டருதான் சொன்னான்ல, தள்ளிப் போகும்னு" என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

ஒரு மாதத்தில் முப்பது காலடியானது. பங்குனி வெயில் வந்தபோது எழுபது. எவ்வளவு போனாலும் கடைசியில் சுவர் இருந்தது, அதுதான் எல்லோருக்கும் ஆறுதல். நடந்துகொண்டே போனால் விரல் நுனியில் ஒரு கட்டத்தில் அது தட்டுப்படும், குளிர்ச்சியாக, லேசான பெயின்ட் வாசத்தோடு.

முதலில் வந்தவள் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற வேலம்மா. தண்ணீர் குடிக்க வந்தவள் சொம்பைக் கையில் வைத்தபடி உள்ளே பார்த்து நின்றாள். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போகட்டா?" என்று கேட்டாள். உட்கார்ந்தாள். போகும்போது, "புஷ்பம், என் கண்ணுக்குள்ள இருந்து யாரோ உப்ப வாரி எடுத்துட்டாங்க" என்றாள். மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பதினோரு பேர். வேலை முடிந்து உச்சிப் பொழுதில் உப்பளத்திலிருந்து வருகிற ஆணும் பெண்ணும், வீட்டுக்குப் போகிற வழியில், காலில் அப்பிய உப்பை வாசலில் கழுவிவிட்டு, செருப்பை வரிசையாக விட்டுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் அந்தப் பட்டாசாலைக்குள் போய் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சுவரும் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி இடம் விட்டுக்கொண்டே போனது.

பிறகு உப்பளத்துக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கண் பூத்துப்போன தையல்காரர் வந்தார். பேப்பர் திருத்துகிற பரமேஸ்வரி டீச்சர் வந்தாள். கூட்டுக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒன்றரை வருஷமாக அழுவதற்கு ஒரு மூலை கிடைக்காத மேலத்தெருவின் புது மருமகள் ஒருத்தி வந்து, ஆழமாக உள்ளே போய், ஒரு வாரம் தினமும் அழுதுவிட்டு, எட்டாம் நாள் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களை வேலம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். யாரும் எழுதி ஒட்டாமலே சில பழக்கங்கள் வந்துவிட்டன: செல்போன் வெளிச்சம் கூடாது, ஆழமாகப் போனவர்களைக் கூப்பிடக் கூடாது, யார் அழுதாலும் யார் என்று கேட்கக் கூடாது. பூசாரி ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது காத்து கருப்பு வேலை இல்லை, வீட்டுக்குள் ஒரு மரத்து நிழல் இருக்கிறது, மரம்தான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் ஊர் கண்டுபிடித்தது. மஞ்சள் பல்பு எட்டுகிற தூரத்தில், அந்தக் கருநீலத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் எல்லா முகமும் நன்றாக இருந்தது. வெயிலில் கருகிய கன்னம், வெளுத்துப்போன புடவை, தலையில் செருகிய கனகாம்பரம் என்று எதை அந்தச் சுவருக்கு முன்னால் வைத்தாலும் அது தன் நிறத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. முப்பது வருஷம் கூடவே உப்பு வாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் கண் கூசாமல் பார்த்ததில்லை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. "உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வராதவள் ஊரிலேயே ஒருத்திதான். அவள் பேச்சிக்கனி, சுயம்புவின் அண்ணன் தவசியின் மனைவி. தகப்பன் விட்டுப்போன மனையை அண்ணனும் தம்பியும் குறுக்கே பிரித்துக்கொண்டதில், கீழத்தெருவைப் பார்த்துத் தம்பி வீடு, மேலத்தெருவைப் பார்த்து அண்ணன் வீடு, இரண்டுக்கும் முதுகும் முதுகுமாக நடுவில் ஒரு முள்வேலி, வேலியில் பூட்டுப் போட்ட ஒரு படல் கதவு என்று ஆனது. வேலி எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஒன்றரை முழச் சண்டை. அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த ஓர் ஐப்பசியில், பதினோரு வருஷத்துக்கு முன்னால், தவசி நெஞ்சு வலித்துச் செத்துப்போனார். விடாத மழை. மேலத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்த சுயம்பு சேலம் பக்கம் போயிருந்தான். படலைத் திறந்துவிட்டால் தம்பி வீட்டு முற்றம் வழியாகப் பாடையை மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஆட்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "புஷ்பம், படலத் தொறம்மா" என்று கூப்பிட்டார்கள். படல் பூட்டியிருந்தது. தங்கபுஷ்பம் வெளியே வரவில்லை. தவசியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து, தண்ணீருக்குள் நடந்து நடந்து கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் சுயம்பு ஓடிவந்தபோது பேச்சிக்கனி அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். "சாவியத் தேடினேன், அகப்படல" என்று தங்கபுஷ்பம் புருஷனிடம் சொன்னாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் மேலத்தெருவுக்குள் வண்டி ஓட்டிப் போனதில்லை.

சுவர் மேற்கே போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே பேச்சிக்கனி தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டாள். என் மனைக்குள் வந்துவிட்டாள், என் அடுக்களைக்கும் வந்துவிடுவாள் என்பது மனுவின் சாரம். சர்வேயர் வந்தார். வெளியே அளந்தார், தம்பி வீடு வரைபடத்தில் உள்ளபடி இருந்தது. அண்ணன் வீட்டை அளந்தார். ஒரு விரற்கடை குறையவில்லை. பிறகு உள்ளே போய் டேப்பை இழுத்துக்கொண்டே நடந்தார். ஐம்பது மீட்டர் டேப் தீர்ந்தது. முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், "அங்கேயே கொஞ்சம் உக்காருங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க" என்று யாரோ இருட்டிலிருந்து சொன்னார்கள். உட்கார்ந்தார். அரை மணிநேரம் தூங்கினார். வெளியே வந்து, ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சித்திரை பிறந்தபோது சுயம்புவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் அடுக்களையில் அவளைத் தனியாகப் பிடித்தான்.

"எனக்கு என் வீட்டுல சாஞ்சு உக்கார ஒரு சொவரு வேணும் புஷ்பம்."

"பக்கச் சொவரு இருக்குல்லா?"

"அதுல சாஞ்சா எவன் தோளோதான் இருக்கு. நேத்து ஒன்னத் தேடி நாப்பது காலடி நடந்தேன். பூராவும் வேற வேற ஆளு. எல்லாரும் சாப்டாச்சான்னு என்னக் கேக்காக, என் வீட்டுலயே."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"சவரிமுத்தக் கூப்பிட்டு அந்த ஒரு சொவருக்கு மட்டும் வெள்ள அடிச்சிருவோம். பழையபடி வந்துரும்."

தங்கபுஷ்பம் அரிசி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். பிறகு, "மழ விழுந்து அளம் மூடட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும். அதுக்குப் பெறகு நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றாள். அவள் எதற்காகத் தவணை கேட்டாள் என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே எல்லோருக்கும் இருட்டு கிடைத்திருந்தது. அவளுக்கும் கிடைத்தது, கண்ணுக்குள் இருந்த உப்பு போயிற்று. போன இடத்தில் வேறொன்று தெரிய ஆரம்பித்திருந்தது. வெள்ளை இருந்தவரை அதற்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு மழை நாள், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆட்களின் குரல், மடியில் கனக்கிற ஒரு சாவி. தினமும் எல்லோரும் போன பிறகு அவள் உள்ளே நடந்துபோய், பேச்சிக்கனி வீட்டுத் திசையில் போய்க்கொண்டிருந்த அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டு வருவாள். யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

வைகாசியில் ஒருநாள் சவரிமுத்து மேலத்தெருவில் சைக்கிளை நிறுத்தினான். பேச்சிக்கனி கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். அவளும் முப்பது வருஷம் பாத்தியில் நின்றவள்தான். இப்போது இடது கண்ணில் பார்வை பாதிதான் என்று ஊருக்குத் தெரியும்.

"அவ வீட்டுக்கு அடிச்ச அதே கலரா மதினி?" என்று கேட்டான் சவரிமுத்து.

"எவ வீட்டுக் கலரும் எனக்கு வேண்டாம். எனக்குக் கண்ணு எரியுது. இருட்டா ஒரு கலர் அடி."

அவன் அவளுக்கு வேறொரு நிறம் கலந்தான். நீலம் இல்லை, கறுப்பில் பச்சை சேர்த்து, மழை நின்ற பிறகு கருவேல மரத்தடியில் இருக்குமே, அந்த நிறம். அவள் வீட்டின் பின்சுவர் கிழக்குச் சுவர். அடித்த ஆறாம் நாள் அது கிழக்கே நகரத் தொடங்கியது.

ஊர் இதை எடைபோட்டது. இரண்டு வீடும் முதுகும் முதுகுமாக நிற்கின்றன; இந்தச் சுவர் மேற்கே போகிறது, அந்தச் சுவர் கிழக்கே வருகிறது; என்றைக்காவது ஒருநாள் இரண்டும் இடித்துக்கொள்ளும். இடித்தால் இரண்டு வீடும் விழுந்துவிடும் என்றார் தையல்காரர். இல்லை, ஒன்று இன்னொன்றுக்குள் நுழைந்து போய்விடும் என்றாள் டீச்சர். சில பேர் பத்து நாள் அந்த வீட்டுக்குள் போகாமலே இருந்தார்கள். பிறகு வெயில் தாங்காமல் மறுபடி போனார்கள். வேலம்மா மட்டும், "இடிச்சா இடிக்கட்டும், அவளுக ரெண்டு பேரும் வருசக்கணக்கா இடிச்சுக்கிட்டுத்தான இருக்காளுக" என்று சொல்லிவிட்டு வழக்கமான இடத்தில் கால் நீட்டினாள்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ கோவில் கொடைத் திருவிழா என்று அளத்தில் வேலை இல்லை, ஊர் முழுக்க அங்கே போயிருந்தது. சுயம்பு சவாரிக்குப் போயிருந்தான். வெளியே பகல் இரண்டு மணி வெயில் தெருவை வெளுத்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நடந்தாள். பல்பு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சிறுத்துச் சிறுத்துத் தீக்குச்சி முனை அளவாகி, அதுவும் போயிற்று. நூறு காலடி. நூற்றைம்பது. கையை முன்னால் நீட்டிக்கொண்டே போனாள். வழக்கமாகச் சுவர் தட்டுப்படுகிற இடம் கடந்தும் சுவர் தட்டுப்படவில்லை. பெயின்ட் வாசம் மாறியது. மழைக்குப் பிந்திய இலை வாசம் மாதிரி இருந்தது. அவள் நின்றாள். எதிரே, மிக அருகில், யாரோ இருமினார்கள்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் அதைக் கேட்டிருக்கிறாள்.

"யாரு?" என்றது குரல்.

"நான்தான் அக்கா. புஷ்பம்."

சேலை சரசரப்பதும், முழங்கால் எலும்பு நெரிபடுவதும் கேட்டது. பேச்சிக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கபுஷ்பமும் உட்கார்ந்தாள். இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று இருவருக்கும் தெரியவில்லை. முகம் தெரியாதது நல்லதாக இருந்தது.

"எங்க வீட்டுக்குள்ள வந்துருக்கியா, நான் உங்க வீட்டுக்குள்ள வந்துருக்கேனா?" என்றாள் பேச்சிக்கனி.

"தெரியலக்கா."

"சர்வேயருக்குத்தான் சொல்லிவிடணும்."

தங்கபுஷ்பம் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. வாயைத் திறந்தபோது அந்தப் பேச்சு வந்துவிட்டது. "அக்கா, அன்னைக்குச் சாவி எங்கயும் போகல. என் மடியிலதான் இருந்துச்சு. கூப்பிட்டது பூராவும் காதுல விழுந்துச்சு. கதவுக்குப் பின்னால உக்காந்துருந்தேன். எந்திரிக்கணும் எந்திரிக்கணும்னு இருந்துச்சு. எந்திரிக்கல. அவுகளத் தண்ணிக்குள்ள தூக்கிட்டுப் போற சத்தம் கேட்டுச்சு, அப்பவும் எந்திரிக்கல. எங்க வீட்டுக்காரருகிட்டச் சாவி அகப்படலன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் பேச்சிக்கனி. "பூட்டின சாவிய நீ எங்க வச்சுருப்பன்னு எனக்குத் தெரியாதா?"

ஓரகத்திகள் இருவரும் கல்யாணமாகி ஆறு மாத இடைவெளியில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஒரே அடுப்பில் ஒன்பது வருஷம் சமைத்தவர்கள்.

"நானும் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ" என்றாள் பேச்சிக்கனி. குரல் தாழ்ந்திருந்தது. "ஆளுகள வேலிப் பக்கம் அனுப்புனது நான்தான். கூப்பிடுங்க, நல்லாச் சத்தமாக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். நீ தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ தொறக்கலன்னு ஊரு பாக்கணும்னு நெனச்சேன். அவரு உள்ள கெடக்காரு, என் நெனப்பு இப்படிப் போகுது பாத்துக்கோ."

"தொறந்திருந்தா?"

"அதான் புஷ்பம். தொறந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு பதினோரு வருசமா யோசிக்கேன். உங்க வீட்டு முத்தத்து வழியா கொண்டுபோக விட்டுருப்பேனா, மாட்டேன்னு நின்னுருப்பேனான்னு தெரியல. தண்ணியில போனது அவருதான். நீயும் நானும் இல்ல."

தங்கபுஷ்பம் அழுதாள். அழுவது யார் என்று கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம்; பேச்சிக்கனிக்கு அந்தப் பழக்கம் தெரியாது. "ஏட்டி, நீயா அழுத, நானா?" என்று கேட்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்றோ. கடைசியில் பேச்சிக்கனி கையை ஊன்றி எழுந்தாள். "இந்தப் பக்கம் கொஞ்ச தூரம்தான் என் அடுக்கள. கருவாட்டுக் குழம்பு இருக்கு. வா." கை நீட்டியிருக்கிறாள் என்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரியவில்லை, அது தோளில் வந்து இடித்த பிறகுதான் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். அரைப் பார்வைக்காரி முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். கறுப்பு மெல்லப் பச்சையாகி, பச்சைக்குள் ஒரு மஞ்சள் பல்பு தெரிந்தது, அதற்கடியில் தவசியின் மாலை போட்ட படம், பிறகு அடுக்களை நிலை. தங்கபுஷ்பம் படத்துக்கு முன்னால் நின்றாள். அந்தக் கரும்பச்சைச் சுவரில் அவர் முகம் தெளிவாக இருந்தது. கும்பிட்டாள். பேச்சிக்கனி அதைப் பார்க்காத மாதிரி அடுக்களைக்குள் போய்த் தட்டை எடுத்தாள்.

சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான், வெகு தூரத்திலிருந்து, பட்டாசாலையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "புஷ்பம்." சவாரி முடிந்து வந்த சுயம்பு, வெறும் வீட்டைப் பார்த்துவிட்டு இருட்டுக்குள் கூப்பிடுகிறான்.

தங்கபுஷ்பம் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். பேச்சிக்கனி கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"புஷ்பம். எங்க இருக்க?"

"பதில் சொல்லேன்" என்றாள் பேச்சிக்கனி. "தொண்டை கிழியக் கூப்பிடுதான்."

தங்கபுஷ்பம் நிலைப்படியில் நின்று இருட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அக்கா வீட்டுல இருக்கேன். நேரா நடந்து வாங்க."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் நின்றுவிட்டான் போலிருந்தது. அவன் திரும்பிப் போய்விடுவானோ என்று தங்கபுஷ்பத்துக்குப் பயமாக இருந்தது; சாவியைப் பற்றி அவனிடமும் சொல்லியாக வேண்டும், சொன்ன பிறகு அவன் என்ன ஆவானோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

"அவுககிட்டயும் சொல்லணும்க்கா" என்றாள்.

"சொல்லு. வெறும் வயித்துல சொல்லாத. சாப்டட்டும்."

பிறகு காலடிச் சத்தம் கேட்டது. தயங்கி ஓர் எட்டு, நின்று, இன்னோர் எட்டு, அப்புறம் கொஞ்சம் வேகமாக. வர வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருந்தது. பேச்சிக்கனி மேலே அடுக்கியிருந்ததில் இருந்து இன்னொரு தட்டை இறக்கி, தூசி போகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தங்கபுஷ்பத்தின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.